மாப்பிள்ளையைச் சுட ஐந்து ரெயால்

மார்ச் 12, ஞாயிறு

கால் இரண்டும் பூசணிக்காயாய் வீங்கிக் கிடக்கின்றன. மதியம் முழுக்கக் கூடத்தில் நின்றுகொண்டே பிங்கோ எண் கூப்பிட்டேன். முதல் பரிசு ஆடு. அது பாதிரியாருக்கே விழுந்தது. "சாமி மேலிடத்துல முன்னாடியே சொல்லி வெச்சுட்டாரு!" என்று வால்டெசி கத்த, கூடமே சிரித்தது. என் புருஷனுக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

ஜூன் திருநாளுக்கு ஆடுகிற எங்கள் பிராசா வீவா ஆட்டக்குழுவுக்கு இந்த வருஷமும் நான்தான் பொருளாளர். பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவளுக்குக் கணக்கு வராதா என்று தலையில் கட்டிவிட்டார்கள். முன்பெல்லாம் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தோம். இந்த முறை என் பெயரில் பிட்டாங்கா வங்கியில் போட்டிருக்கிறேன். அதற்குக் கிளையும் கிடையாது, கட்டணமும் கிடையாது, எல்லாம் போனில்தான். யோசனை ஜெனில்சனுடையது. "டப்பால வெச்சா எலி தின்னும், பெரிய பேங்க்ல வெச்சா பேங்க்கே தின்னும். போன்ல வெய்யி கொமாத்ரி, போனு எதையும் தின்னாது" என்றான். அவன் மகள் தாயீசிக்கு நான் ஞானத்தாய் ஆன நாளிலிருந்து அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொமாத்ரிதான்.

இந்த வருஷம் ஆட்டத்தில் வருகிற கர்ப்பிணி மணப்பெண் தாயீசி! பத்தொன்பது வயது, வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு நடந்து காட்டினாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஏப்ரல் 2

குலுக்கல் சீட்டுக்கு ஐந்து ஐந்து ரெயாலாகப் போனில் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. அனுப்பும்போது ஒரு வரி எழுதலாம் அல்லவா, ஒவ்வொருவரும் அதில் வால்டெசியாகிவிட்டார்கள். ஆட்டத்தின் நடுவே வருகிற பொய்க் கல்யாணத்தை வைத்துத்தான் எல்லாக் கிண்டலும். ஓடப் பார்க்கிற மாப்பிள்ளையை மாமனார் துப்பாக்கி முனையில் இழுத்து வருவாரே, அது. "மாப்பிள்ளையைச் சுட." "தோட்டா வாங்க." "பாதிரியார் வாயை அடைக்க." "போலீஸ்காரருக்கு லஞ்சம்." அல்சீரா அக்கா, எங்கள் தையற்காரி, ஐம்பது ரெயால் அனுப்பி எழுதியிருந்தாள்: "இந்த முறை நெற்றியில் சுடவும்."

ஒத்திகையில் ஒவ்வொன்றாக வாசித்தேன். ஜெனில்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஏப்ரல் 18, செவ்வாய்

சாந்தா குரூஸ் சந்தையில் ஆட்டத்துக்கான துணி பேசி முடித்து, அல்சீரா அக்கா கடைக்காரர் பக்கத்தில் நின்றபடி போன் செய்தாள். நான் பணம் அனுப்ப ஆப்பைத் திறந்தேன். மஞ்சள் இதயம் ஒன்று துடித்தது. அடியில்:

"ஹாய் நெய்டி! உன் கணக்கு ஒரு குட்டித் தூக்கம் போடுது. பாதுகாப்புச் சோதனை முடிஞ்சதும் எழுப்பி விடுறோம்!"

குட்டித் தூக்கமாம். இருபத்தெட்டாயிரம் ரெயால் அதில். ஒரு வருஷத்துப் பிங்கோ, குலுக்கல், சனிக்கிழமைதோறும் விற்ற சூப்.

அக்கா கடைக்காரரிடம் தன் பேரில் கடன் சொல்லித் துணியை எடுத்து வந்துவிட்டாள். இரண்டு நாளில் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

ஏப்ரல் 20

கிளை இல்லாத வங்கியில் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஆப்பிலேயே ஒரு பெட்டி, அதில் எழுத வேண்டும். பியா என்றொருத்தி வந்தாள். மனுஷியா இயந்திரமா தெரியவில்லை.

"உங்க ஆபீஸ் எந்தத் தெருவுல இருக்கு?" என்று கேட்டேன்.

"நாங்க உன் உள்ளங்கையிலேயே இருக்கோமே நெய்டி!"

பல்லைக் கடித்துக்கொண்டேன். உன் புகாரைக் குழு பார்க்கும் என்றாள். சரி, நன்றி என்று எழுதினேன். பொறுமையாக இருந்ததற்கு ஒரு இதயம் கொடுத்தாள்.

ஏப்ரல் 26

இன்று பெட்டியில் தியோ என்றொருவன். வந்ததும் பட்டியல் நீட்டினான். "ஐந்து ரெயால், 'மாப்பிள்ளையைச் சுட' — இந்தப் பரிவர்த்தனையை விளக்கவும். ஐம்பது ரெயால், 'இந்த முறை நெற்றியில்' — விளக்கவும்."

தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. எங்கள் கிண்டலையா இத்தனை நாளாக உட்கார்ந்து சோதிக்கிறார்கள்! விளக்கினேன். ஜூன் மாதம், அருளப்பர் திருநாள், ஆட்டம், அதில் ஒரு பொய்க் கல்யாணம், அட்டையில் செய்த துப்பாக்கி என்று எல்லாம் சொன்னேன். போன வருஷப் படங்களும் அனுப்பினேன். அவன் தெற்கே எங்கோ குளிரூட்டிய அறையில் இருக்கிறான் போலும், எங்கள் பக்கத்து ஆட்டம் அவனுக்கு எங்கே தெரியும்.

"மாப்பிள்ளை என்பவரின் முழுப் பெயர் வேண்டும்" என்று பதில் வந்தது.

"மாப்பிள்ளை வேஷம்பா! ஒவ்வொரு வருஷமும் ஒருத்தன்."

"இதுவரை எத்தனை பேர்?"

வால்டெசியிடம் காட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

கடைசியில் தியோ, எல்லாவற்றையும் குழுவுக்கு அனுப்பிவிட்டேன் என்றான். நன்றி தம்பி என்று முடித்தேன்.

மே 3

இன்னும் தூங்குகிறது. அல்சீரா அக்கா இரண்டு முறை அழைத்தாள். ஒருமுறைதான் எடுத்தேன்.

மே 11, வியாழன்

ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. நேற்று ஒருத்தியிடம் எல்லாம் சொல்லி முடித்தேன். இன்று திறந்தால் பெட்டி காலி, வரிசையின் வாலில் நிற்கிறேன். மறுபடி மாப்பிள்ளை, மறுபடி துப்பாக்கி. என்னடா இது, நாய் வாலை நிமிர்த்துகிற வேலை!

ஒத்திகைக்குப் போனபோது சிலர் பேச்சை நிறுத்தினார்கள். எனக்குத்தான் அப்படித் தோன்றியதா?

மே 14, அன்னையர் நாள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

பூசை முடிந்து கூடத்தில் கூட்டம். நானே எழுந்து நின்று, யாருக்காவது சந்தேகம் இருந்தால் என் போனையே பாருங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஜெனில்சன் கையில் கொடுத்தேன். வீறாப்பு! அவன் ஆப்பில் எங்கோ தட்டினான். 'என் புகார்கள்' என்று ஒரு பக்கம் உண்டாம். நான் அதைத் திறந்ததே இல்லை. சத்தமாக வாசித்தான்.

"ஏப்ரல் இருபது. தீர்க்கப்பட்டது. வாடிக்கையாளர் நன்றி தெரிவித்தார். ஏப்ரல் இருபத்தாறு. தீர்க்கப்பட்டது. வாடிக்கையாளர் நன்றி தெரிவித்தார்..."

அப்படியே போய்க்கொண்டிருந்தது. எல்லாம் தீர்க்கப்பட்டது. எல்லாவற்றிலும் பச்சை டிக்.

"தீர்ந்துருச்சுன்னு போட்டிருக்கே" என்றான். "நன்றி வேற சொல்லியிருக்கே. அப்போ பணம் எங்க?"

"கணக்கைத் திறந்து பாரு, தூங்குதுன்னு வரும்!"

திறந்தான். மஞ்சள் இதயம் துடித்தது. சோதனை நடக்கிறது என்பதைத் தவிர, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டாது. யாரோ பின்னால், "உள்ள எதுவும் இல்லாததாலதான் காட்டல" என்றார்கள்.

ஜெனில்சன் போனைத் திருப்பிக் கொடுத்தான். "நீங்க கொஞ்சம் யோசிச்சு வைங்க, தோனா நெய்டி. அடுத்த வாரம் பேசுவோம்."

நீங்க. தோனா நெய்டி, முன்பின் தெரியாத அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி. இருபது வருஷம் கழித்து எனக்கு நீங்க போடுகிறான். அவன் என்னை அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மே 19, வெள்ளி

பள்ளிச் சமையற்கட்டில் அவரைக்காய் வேகும்போது பெட்டியில் எழுதினேன். இந்த முறை வெஸ்லி. கேள்வியே கேட்காமல் படித்தான். அப்புறம்:

"அம்மா, ஒண்ணு சொல்றேன், என்னைக் காட்டிக் கொடுத்துடாதீங்க. முடிக்கும்போது நன்றின்னு எழுதாதீங்க. அந்த வார்த்தையைப் பார்த்தா சிஸ்டம் புகாரைத் தானா மூடிடும். தீர்ந்துடுச்சுன்னு கணக்கு. மேலிடத்துக்குப் போற அறிக்கையிலும் அப்படித்தான் போகும். உங்க ஊர்ப்பக்கத்து ஆளுங்க எல்லாரும் நன்றி சொல்லாம போறதில்ல. உங்க பக்கத்துப் புகாருங்கதான் இங்க வேகமா தீருது."

படித்துவிட்டு உட்கார்ந்தேன். பேருந்து நடத்துநர் மீதிச் சில்லறை தராவிட்டாலும் நன்றி சொல்லித்தானே இறங்குகிறோம். ஊசி போட்டு அழவைத்த நர்ஸுக்கும் நன்றி. பால் குடிக்கும்போதே சொல்லிக் கொடுத்தது, அதை விட்டால் வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். அதையே பிடித்துக்கொண்டார்களே, படுபாவிகள்!

வெஸ்லிக்கு என்ன பதில் எழுதுவது? நன்றி சொல்லக் கூடாது. நல்லது செய்தவனுக்கு ஒன்றும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. "கடவுள் உனக்குக் கைமாறு செய்யட்டும், மகனே" என்று எழுதினேன்.

பெட்டி மூடிக்கொண்டது. தீர்க்கப்பட்டது.

அதையும் நன்றிக் கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

மே 20

ஜெனில்சன் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். வெஸ்லியின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். அவன் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தது கேட்டது.

"நன்றி சொன்னதால பணம் வரலையா?" என்றான். "கத சொல்றதுன்னா கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லுங்க."

எனக்கே சொல்லும்போது பைத்தியக்காரி உளறல் மாதிரிதான் இருந்தது. தாயீசி அறைக்குள்ளிருந்து வரவில்லை. வீட்டில்தான் இருந்தாள், அவள் செருப்பு வாசலில் கிடந்தது.

மே 24

வங்கிகளைக் கண்காணிக்கிற அலுவலகம் தலைநகரில் இருக்கிறதாம். அங்கே எழுதினேன். பள்ளிக்கூடத்து எழுத்தர் பெண் தட்டச்சுச் செய்து கொடுத்தாள். அவளுக்கு வாயால் நன்றி சொன்னேன், தாளில் ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

மே 30

இன்று வந்தவனிடம் வெஸ்லியைக் கூப்பிடச் சொன்னேன். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்றான்.

நன்றி சொல்லாமல் விட்டுப் பார்த்தேன். கட்டைவிரல் தானாக அந்த எழுத்துகளுக்குப் போகிறது, இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "வாடிக்கையாளர் உரையாடலைக் கைவிட்டார்" என்று மூடிவிட்டார்கள்.

சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு.

ஜூன் 5, திங்கள்

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார், பிள்ளைகளுக்கு என் குஸ்குஸ் எவ்வளவு பிடிக்கும் என்றார். அப்புறம் மளிகை அறைச் சாவியைக் கேட்டார்.

"கொஞ்ச நாளைக்குத்தான் நெய்டி. உனக்கும் அது நல்லதுதான். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல."

இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன். இனி ஒரு படி அரிசி எடுக்கவும் எழுத்தர் பெண் கூட வந்து நிற்பாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அரிசி மூட்டையைத் தனியாகத் தூக்கித் தடால் என்று போட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஜூன் 8

தலைநகரிலிருந்து பதில். வங்கியிடம் கேட்டார்களாம். வங்கி உரிய காலத்தில் விளக்கம் தந்துவிட்டதாம். வாடிக்கையாளர் பலமுறை தம் திருப்தியைத் தெரிவித்திருக்கிறார், சான்று இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே கோப்பு முடிக்கப்படுகிறது.

இணைப்பைத் திறந்தேன். நான் எழுதிய நன்றிகள்தான். ஒன்றன்கீழ் ஒன்றாக, அழகாக வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

ஜூன் 9

அல்சீரா அக்காவின் வாசலில் துணிக் கடைக்காரரின் ஆள் நின்று கத்தினானாம். பாவம், சர்க்கரை நோய்க்காரி. என்னால்.

ஜூன் 10, சனி

வால்டெசி இன்று கேட்டுவிட்டான். மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவன், என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"நெய்டி, ஒரே ஒரு தடவ கேக்குறேன். அப்புறம் சாகுற வரைக்கும் கேக்க மாட்டேன். நீ எடுத்தியா? எதாச்சும் அவசரம்னு எடுத்திருந்தாலும் சொல்லு. சேந்து கட்டிடுவோம்."

நீயுமா?

செத்துப்போன என் அம்மாமேல் சத்தியம் செய்தேன். எடுக்கலடா, ஒரு சல்லிக்காசு எடுக்கல என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் வானொலியைக் குறைத்தார்கள். அவன் துணியைக் கீழே போட்டுவிட்டு என்னை இழுத்து அணைத்துக்கொண்டான். எண்ணெய் நாற்றம்.

"சரி. முடிஞ்சுது. எனக்கு அது போதும்" என்றான்.

ஜூன் 12

வண்டியை விற்றுவிட்டான்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் அதில் சவாரி ஏற்றித்தான் சோறு தின்றோம். கிடைத்ததை அப்படியே அல்சீரா அக்காவிடம் கொடுத்து, துணிக் கடனை அடைக்கச் சொல்லிவிட்டு நடந்து வந்தான்.

"பொண்டாட்டி பேரு பெருசா, வண்டி பெருசா?" என்றான். "காலு ரெண்டும் சும்மாதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு, இனிமே அதுங்களும் வேல செய்யட்டும்."

நான் இவனுக்குத் தகுதியானவளே இல்லை. இதை எங்கேயும் சொன்னதில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 13, அந்தோணியார் திருநாள்

கோயில் வாசலில் தாயீசி எதிரே வந்தாள். எங்கே பார்த்தாலும், நடுச் சந்தை ஆனாலும், "ஆசீர்வாதம், ஞானத்தாயே" என்று கை நீட்டாமல் போகாத பெண். நான் கையைத் தூக்கிவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

தூக்கிய கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். வேறென்ன செய்ய.

வண்டி விற்றதற்கும் ஊரில் ஒரு கதை வந்துவிட்டது. குற்ற உணர்ச்சியில் கட்டுகிறார்களாம்.

ஜூன் 17, சனி

கம்பீனா கிராண்டியில் ஆட்டப் போட்டி. நான் போகவில்லை, தொலைக்காட்சியில் பார்த்தேன். துணி வந்தும் தையல் கூலிக்கும் வேலைப்பாட்டுக்கும் பணம் இல்லாததால் பாதிப் பேருக்குப் போன வருஷப் பாவாடை, புது நாடா வைத்துத் தைத்தது. பார்க்கவே பிச்சைக்கார வேஷம். ஆனால் தாயீசி மட்டும் தீ மாதிரி ஆடினாள்.

பொய்க் கல்யாணம் வந்தது. மாமனார் துப்பாக்கியைத் தூக்கினார். தாயீசி குறுக்கே விழுந்து, ஒத்திகையில் இல்லாத வசனம் ஒன்று பேசினாள்.

"சுட முடியாதுப்பா! தோட்டா வாங்குற காச என் ஞானத்தா எடுத்துக்கிட்டுப் போயிட்டா!"

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அறிவிப்பாளருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. வால்டெசி எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்தான்.

கடைசி இடத்துக்கு முந்தின இடமாம். அடுத்த வருஷம் இரண்டாம் பிரிவில்தான் ஆட வேண்டும்.

ஜூன் 24

அருளப்பர் திருநாள். தெருவெல்லாம் வாசலில் தீ மூட்டியிருக்கிறார்கள். நாங்கள் மூட்டவில்லை.

ஜூலை 5, புதன்

பள்ளியில் முட்டைப் பொரியல் கிளறிக்கொண்டிருந்தபோது போன் 'டிங்' என்றது.

"ஹாய் நெய்டி! உன் கணக்கு நல்லா தூங்கி எழுந்துடுச்சு! காத்திருந்ததுக்கு ஒரு பெரிய அணைப்பு!"

முழுப் பணமும் இருந்தது. ஒரு காரணம் இல்லை, ஒரு மன்னிப்பு இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். எழுத்தர் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தாள்.

ஜூலை 8, சனி

நினைத்து நினைத்து எழுதுகிறேன், நடந்தது நடந்தபடி வரட்டும்.

மொத்தத்தையும் மூன்று நாளாகப் பண இயந்திரத்தில் தாளாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனேன். வால்டெசியும் வந்தான். மேசைமேல் கொட்டி எண்ணச் சொன்னேன். ஜெனில்சன் எண்ணினான். சரியாக இருந்தது. நான் நிமிர்ந்து எல்லோர் முகத்தையும் பார்த்தேன். இந்த நிமிஷத்துக்காகத்தானே இத்தனை நாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

ஒருவர் முகத்திலும் நான் நினைத்தது இல்லை.

அல்சீரா அக்கா எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நல்ல காரியம் பண்ணினே கண்ணு. திருப்பிக் கொண்டாந்து வெச்சுட்டே. அதுக்கும் ஒரு தெம்பு வேணும். கடவுள் மன்னிப்பாரு, நாங்களும் மன்னிச்சுட்டோம்."

"அக்கா, நான் எடுக்கவே இல்ல! பேங்க் இப்பத்தான் விட்டுது!"

"சரி சரி, விடு. அதெல்லாம் இனிமே எதுக்கு?" அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள், பிள்ளையைத் தேற்றுவது மாதிரி.

வால்டெசி, துணிக்காக வண்டி விற்றுக் கொடுத்த பணத்தை இதிலிருந்து திருப்பித் தரச் சொன்னான். ஜெனில்சன் தாள்களை அடுக்கிக்கொண்டே, "அத ஒரு அபராதம்னு வெச்சுக்குங்கண்ணே. குழு எவ்வளவு நஷ்டப்பட்டிருக்கு!" என்றான். வால்டெசி அவன் சட்டையைப் பிடித்தான். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

பணம் வராதவரைக்கும் நான் திருடி என்று பாதிப் பேர்தான் நம்பினார்கள். வந்த பிறகு எல்லோரும் நம்புகிறார்கள்.

ஜூலை 30

வால்டெசி மொத்தச் சந்தையில் மூட்டை தூக்கப் போகிறான். வாயடி மட்டும் குறைந்துவிட்டது. மளிகைச் சாவி இன்னும் எழுத்தர் பெண்ணிடம்தான்.

செப்டம்பர் 19, செவ்வாய்

செய்தியில் சொன்னார்கள்! பிட்டாங்கா வங்கிக்குப் பெரும் அபராதம். நன்றி என்ற வார்த்தையை வைத்துப் பல்லாயிரம் புகாரைத் தீர்ந்ததாகக் காட்டினார்களாம். உள்ளே வேலை பார்த்த யாரோ வெளியே சொல்லியிருக்கிறார்கள். வெஸ்லி, நீயா? எங்கிருந்தாலும் நன்றாக இரு.

செருப்புக்கூடப் போடாமல் அல்சீரா அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவளும் பார்த்திருந்தாள். தைத்துக்கொண்டே கேட்டாள். நான் பேசி முடித்ததும் மெஷினை நிறுத்தினாள்.

"பேங்க் தப்பு பண்ணியிருக்கும் கண்ணு, நான் இல்லேங்கல. அதுக்காக நீ பண்ணலேன்னு ஆயிடுமா?"

கெட்டவள் இல்லை அவள். ஒருமுறை மன்னித்துவிட்டாள் அல்லவா? அந்த மன்னிப்பை எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வாள்?

அந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போகுமாம்.

அக்டோபர் 4

வங்கி எனக்கு ஒரு மஞ்சள் போன் உறை அனுப்பியிருக்கிறது. குப்பையில் போட்டேன். வால்டெசி எடுத்துக் கத்தரித்து, மேசைக்கால் ஆடாமல் அடியில் வைத்துவிட்டான்.

நவம்பர் 12, ஞாயிறு

ஜெனில்சன் வந்தான். கையில் மரவள்ளி கேக், அவன் மனைவி செய்தது. வால்டெசி சந்தைக்குப் போயிருந்தான். நல்ல வேளை.

"கொமாத்ரி" என்றான் வாசலிலேயே. ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டேன். வெட்கக்கேடு, அந்த ஒரு வார்த்தைக்கு இப்படியா உருகுவேன்!

தாயீசிக்கு டிசம்பரில் கல்யாணம். இது பொய்க் கல்யாணம் இல்லை, மெய்யாகவே. பீடத்தில் பக்கத்தில் நிற்க ஞானத்தாய் வேண்டும். "அவ ராத்திரி பகலா அழுவுறா. நீ இல்லாம வேணாங்குறா. ஆனா ஊரு ஒருமாதிரி பேசுது, சம்பந்தி வீடும் காதுல வாங்கியிருக்கு. நீ ஒருநாள் கூடத்துக்கு வந்து, எல்லாரு முன்னாடியும் ஒரு வார்த்த, மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டீன்னா முடிஞ்சுது. பழையபடி ஆயிடலாம். பொருளாளரா வேணாம். மத்ததெல்லாம் பழையபடி."

"நான் பண்ணாததுக்கா?"

"யாரு எடுத்தான்னு நான் கேக்கலையே. ஒரே ஒரு வார்த்த."

கேக்கை வைத்துவிட்டுப் போனான். தொடவில்லை. பிறகு ஒரு துண்டு தின்றேன்.

நவம்பர் 18

ஞானஸ்நானத் தொட்டியில் தாயீசியின் தலைமேல் தண்ணீர் ஊற்றியபோது ஏந்திக்கொண்டவள் நான். அந்தப் பெண் வெள்ளை உடுத்தி நிற்கும்போது நான் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு இருப்பதா?

வால்டெசியிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான். சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை கூட்டத்துக்கு வா என்று மட்டும் கூப்பிட்டேன்.

வார்த்தையை யோசித்து வைத்துவிட்டேன். 'தப்பு பண்ணிட்டேன்' என்று சொல்ல மாட்டேன். 'தப்பு நடந்துடுச்சு' என்பேன். நடந்தது உண்மைதானே. யார் செய்தார்கள் என்று அதில் இல்லையே.

நவம்பர் 25, சனி

சொல்லிவிட்டேன்.

எழுந்து நின்றேன், மைக்கைக் கொடுத்தார்கள். "தப்பு நடந்துடுச்சு. எல்லாரும் என்ன மன்னிச்சுக்குங்க" என்றேன். அடுத்த நிமிஷம் கூடமே கைதட்டியது. அல்சீரா அக்கா அழுதாள். ஜெனில்சன் என்னைக் கட்டிக்கொண்டு, "இதான் எங்க கொமாத்ரி!" என்று கத்தினான். தாயீசி ஓடி வந்து, கையை நீட்டி, "ஆசீர்வாதம், ஞானத்தாயே" என்றாள். ஆசீர்வதித்தேன். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வால்டெசி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் மட்டும் கைதட்டவில்லை. சிலர் போய் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். கல்யாணத்துக்கு என்ன நிறத்தில் உடுத்தலாம் என்று நான் பேசிக்கொண்டே வந்தேன். அவன் இரண்டடி முன்னால் நடந்தான். கதவைத் திறக்கும்போதுதான் கேட்டான்.

"அப்போ என் வண்டி எதுக்கு நெய்டி போச்சு?"

விளக்கினேன். 'நடந்துடுச்சு'ன்னுதான் சொன்னேன், 'பண்ணினேன்'னு சொல்லலையே, நல்லா யோசிச்சுப் பாரு, நான் ஒத்துக்கிட்டதா அதுல எங்க இருக்கு, தாயீசிக்காகத்தானே, ஒரு வார்த்ததானே... பேசப் பேச, நானே ஜெனில்சன் மாதிரி பேசுவது எனக்குக் கேட்டது.

அவன் முழுவதும் கேட்டான். "அன்னிக்கு உங்கம்மாமேல சத்தியம் பண்ணினே" என்றான். கேள்வியா, சொல்கிறானா என்று தெரியவில்லை.

"அது சத்தியமா உண்மைடா."

"சரி" என்றான்.

இன்னும் வெளிச்சம் இருக்கிறது. முன்னறையில் வலை ஊஞ்சலைக் கட்டி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டேன். பசியில்லை என்றான்.